ஏழாவது குறிப்பு

திண்டிவனம் வாசகர் வட்டத்தில் அந்தப் புத்தகத்தை மதிப்பிட்டுப் பேச வேண்டும் என்று தமிழரசன் வாத்தியார் கேட்டபோது, யோசித்துச் சொல்ல எனக்கு மூன்று நாள் கொடுத்தார். மூன்று நாளில் ஒரு தடவையாவது முடியாது என்று சொல்லியிருக்கலாம். நான்காம் நாள் அவரே போன் செய்து, "நோட்டீஸ்ல உங்க பேரப் போட்டுட்டேன் சார்" என்றார். சரி என்றேன்.

நான் மரக்காணம் தாலுகா ஆபீசுக்கு எதிரே மேசை போட்டு மனு எழுதுகிறவன். பட்டா மாற்றம், முதியோர் உதவித்தொகை, உப்பளத்துக்குப் போகும் பாதையில் விளக்கு வேண்டும் என்பது வரை எதுவானாலும் ஒன்று, இரண்டு என்று எண் போட்டுத்தான் எழுதுவேன். ஒரு குறிப்பில் ஒரு விஷயம். அதற்கு மேல் போனால் அதிகாரி படிக்க மாட்டார். சாயங்காலத்தில் பத்திரிகைகளுக்கு வாசகர் கடிதம் எழுதுவது என் வழக்கம். முப்பது வருடத்தில் நானூற்றைம்பதைத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு கடிதத்துக்கும் எண் உண்டு, கார்பன் நகல் உண்டு, நகலின் பின்னால் குண்டூசியில் குத்திய வரைவும் உண்டு. எல்லாம் வீட்டில் ஒரு தகரப் பெட்டியில் இருக்கிறது. பக்கத்து ஜெராக்ஸ் கடை ரேணுகா அந்தப் பெட்டிக்கு உண்டியல் என்று பெயர் வைத்திருக்கிறாள். "சார் செத்தா மொதல்ல உண்டியல ஒடைக்கணும், யார் யாரப் பத்தி இன்னா இன்னா எழுதி வச்சிருக்காரோ" என்பாள்.

புத்தகத்தின் பெயர் 'நாலு மணி விளக்கு'. எழுதியவர் புருஷோத்தமன், சென்னையில் பத்திரிகை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1988 மார்ச்சில் சடையப்பன் என்ற கட்சித் தலைவர் பாண்டியில் கூட்டம் பேசிவிட்டு விடியற்காலை காரில் திரும்பிக்கொண்டிருந்தார். எங்கள் ஊருக்குத் தெற்கே, இரண்டு பக்கமும் உப்பளம் இருக்கிற இடத்தில், ரோட்டில் பனைமரத்தைப் போட்டு மறித்து அவரை வெட்டிக் கொன்றார்கள். மூன்று பேருக்குத் தண்டனை கிடைத்தது. அந்த மூன்று பேரை ஏவியவர்கள் யார் என்பதுதான் புத்தகம். ஒரு உப்பள முதலாளி, சடையப்பனின் சொந்தக் கட்சிக்காரர்கள் இரண்டு பேர், கார் வருவதைப் பார்த்து விளக்கைக் காட்டிய ஒருவன் என்று நான்கு பேரை அது சொல்கிறது. முதல் மூன்று பேரும் செத்துப்போனார்கள். நான்காவது ஆள், பக்கம் 143, குழந்தைசாமி. அவர் மட்டும் உயிரோடு இருக்கிறார்.

புத்தகம் வந்து மூன்று மாதமாக எங்கள் பக்கம் இதே பேச்சுதான். பஸ் ஸ்டாண்டில் ஒருத்தர் அது முழுப்பொய் என்பார், டீக்கடையில் ஒருத்தர் முதலாளி குடும்பம் கேஸ் போடப் போகிறது என்பார். யூடியூப்காரர்கள் இரண்டு முறை வந்து வரப்பில் நின்று பேசிவிட்டுப் போனார்கள்.

நான் என் முறைப்படி மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கதை தெரிய, இரண்டாம் தடவை ஆதாரம் பார்க்க, மூன்றாம் தடவை எழுதியவர் எங்கே அவசரப்பட்டிருக்கிறார் என்று பார்க்க. பக்கம் 143 வரும்போதெல்லாம் சீக்கிரம் புரட்டினேன்.

கூட்டத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது சகாயசெல்வி என் மேசைக்கு வந்தாள். குழந்தைசாமியின் மகள். நாற்பது வயது இருக்கும், அளத்தில் உப்பு வாருகிறாள். காலை வேலை முடிந்து அப்படியே வந்திருந்தாள், கணுக்கால் வரை வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

"சார், ஒரு மனு எழுதணும்."

"உக்காரும்மா. யாருக்கு?"

"யாருக்குன்னு நீங்கதான் சொல்லணும். அந்த புக்கு போட்ட ஆளுக்கா, போலீசுக்கா, கோர்ட்டுக்கா. எங்கப்பா பேர எடுக்கணும், அவ்ளோதான்."

ரேணுகா ஜெராக்ஸ் மிஷினுக்குப் பின்னாலிருந்து, "கலெக்டருக்கே எழுதச் சொல்லு, சார் நல்லா போடுவாரு, ஒன்னு ரெண்டுன்னு" என்றாள்.

"நீ சும்மா இரு அக்கா. எனக்கு வயிறு எரியுது" என்றாள் சகாயசெல்வி. பிறகு என்னிடம் திரும்பினாள். "இருபத்தெட்டு வருசமா மாதா தேரத் தூக்க மொதக் கட்டய எங்கப்பாதான் புடிப்பாரு. இந்த வருசம் கமிட்டிலேர்ந்து வந்து, நீங்க வீட்டுலயே இருங்க பெரியவரே, ஒடம்பு சரியில்லன்னு சொல்லிடுறோம்ங்கிறாங்க. அவருக்கு இன்னா ஒடம்பு சார்? நேத்து கூட மரமேறி ஓலை வெட்டுனாரு. தேருக்குப் போவலன்னா அந்த மனுசன் செத்துடுவாரு."

தேர் அடுத்த மாதம். நான் பேனாவை எடுத்தேன். கை தானாக 'பொருள்' என்று எழுதிக் கோடு போட்டது.

"அப்பா அன்னைக்கு விளக்கு ஆட்டினாரா?" என்று கேட்டேன். மனுவுக்குக் கேட்கிற மாதிரிதான் கேட்டேன்.

"ஆட்டுனேன்னுதான் சொல்றாரு. அந்த ரைட்டர் வந்து கேட்டப்பவும் அதையேதான் சொன்னாராம். யாருக்கு ஆட்டுனன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குறாரு. அம்மா பேர்ல சத்தியம் பண்ணச் சொன்னேன். அப்பவும் இல்ல. நீங்க படிச்சவரு, நீங்களே சொல்லுங்க சார். அது நெசமா பொய்யா?"

"படிச்சுக்கிட்டு இருக்கேன்மா. திங்கக்கிழமை வா. எழுதி வைக்கிறேன்" என்றேன். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

யாருக்கு ஆட்டினார் என்பது எனக்குத் தெரியும். எனக்குத்தான்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பத்தாவது முடித்து அந்த அளத்தில் ஆயில் இன்ஜின் ஓட்டிக்கொண்டிருந்தேன். கழுவெளி உப்பங்கழித் தண்ணீரை இறைத்துப் பாத்திக்கு விடுகிற வேலை. வெயிலுக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று மூன்று மணிக்கே இன்ஜினைப் போட்டுவிடுவோம். கொட்டகை ஒரு கோடியில், பாத்தி மறு கோடியில். இன்ஜின் சத்தத்தில் கத்தினாலும் காது கேட்காது. அதனால் தண்ணீர் கட்டுகிறவர் வரப்பில் நின்று அரிக்கேன் விளக்கை ஆட்டுவார். ஒரு முறை என்றால் இன்னும் விடு. இரண்டு என்றால் மடையை மாற்றுகிறேன், கொஞ்சம் பொறு. மூன்று என்றால் போதும், நிறுத்து. இது எங்கள் பக்கத்து அளக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அன்று தண்ணீர் கட்டிய குழந்தைசாமி மூன்று முறை ஆட்டினார், நான் நிறுத்தினேன். சத்தம் நின்றதும் ரோட்டில் ஒரு கார் போவது கேட்டது. கொஞ்ச நேரத்தில் வடக்கே யாரோ அலறினார்கள்.

போலீஸ் அப்போது விளக்கைப் பற்றிக் கேட்கவே இல்லை. முப்பத்தொரு வருடம் கழித்து 2019இல் புருஷோத்தமன் ஒரு மாத இதழில் அறிவிப்பு கொடுத்தார். சடையப்பன் கொலை பற்றி அறிந்தவர்கள் எழுதலாம் என்று. நான் எழுதினேன். கடித எண் 412.

வீட்டில் பெட்டியைத் திறந்து அதை எடுத்தேன். நகலில் ஆறு குறிப்பு. ஒன்று, அந்த வரப்புக்கும் ரோட்டுக்கும் உள்ள தூரம். இரண்டு, வரப்பிலிருந்து பார்த்தால் ரோட்டின் வளைவு தெரியும். மூன்று, அன்று அந்த வரப்பில் இருந்தவர் குழந்தைசாமி. நான்கு, மணி ஏறக்குறைய நாலேகால். ஐந்து, அவர் விளக்கை மூன்று முறை ஆட்டினார். ஆறு, அதை அடுத்து கார் கடந்துபோனது. ஆறும் உண்மை. கீழே, தயவுசெய்து என் பெயரை வெளியிட வேண்டாம்.

பின்னால் குத்தியிருந்த வரைவில் ஏழாவது குறிப்பும் இருந்தது. 'மேற்படி விளக்கு, தண்ணீர் இறைக்கும் இன்ஜினை நிறுத்துவதற்காக ஆட்டப்பட்டது. இன்ஜினை ஓட்டியவன் நான்.' அதன் மேல் குறுக்காக ஒரு கோடு, ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு.

ஏன் அடித்தேன் என்று கேட்டால் இரண்டு காரணம் சொல்ல முடியும். என் மகளுக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம், கொலைக் கேசில் என் பெயர் வேண்டாம் என்று பயந்தேன். இதை நான் எத்தனையோ தடவை எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். இரண்டாவது காரணத்தைச் சொல்லிக்கொண்டதில்லை. ஏழாவது குறிப்பு இருந்தால் அந்தக் கடிதத்தில் ஒன்றுமே இல்லை. ஒருவன் விளக்கை ஆட்டினான், ஒருவன் இன்ஜினை நிறுத்தினான், அவ்வளவுதான். ஏழாவதை எடுத்துவிட்டால் அது சென்னைக்காரரை நிமிர்ந்து உட்கார வைக்கிற கடிதம். நான் நினைத்தபடியே அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டு பக்கத்துக்குப் பதில் போட்டார். 'உங்களைப் போன்ற கூர்மையான வாசகர்கள்' என்று எழுதியிருந்தார். அந்தப் பதிலை மடிப்புக் கிழியும் வரை படித்திருக்கிறேன்.

மறுநாள் குழந்தைசாமியைப் பார்க்கப் போனேன். வாசலில் உட்கார்ந்து உப்பு அம்பாரத்தை மூட ஓலை முடைந்துகொண்டிருந்தார்.

"டேய் தேவநாதா! தொப்ப போட்டுட்டியேடா. மனு எழுதறவனுக்கு எப்பிடிடா தொப்ப?"

"வயசாச்சுல்லண்ணா."

"எனக்கு ஆவலியா? எழுபத்தி நாலு. தொட்டுப் பாரு" என்று வயிற்றைத் தட்டிக் காட்டினார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அண்ணா, அந்த ரைட்டர்கிட்ட இன்ஜினுக்குத்தான் ஆட்டுனேன்னு சொல்லியிருக்கலாமே."

அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சொன்னா இன்ஜின் யாரு ஓட்டுனதுன்னு கேப்பான். அந்தாளு வந்தப்ப உன் பொண்ணுக்குப் பத்திரிகை அடிச்சிருந்துச்சு. எனக்கும் ஒன்னு குடுத்தியே, ஞாபகம் இல்ல? அந்த நேரத்துல உன் பேரச் சொல்லுவனாடா?"

"கல்யாணம்தான் முடிஞ்சுடுச்சேண்ணா. இப்ப சொல்லலாம்ல."

"இப்ப சொன்னா மாப்ள வூட்டுல கேக்க மாட்டாங்களா? வுடு. எனக்குத் தெரியும், மாதாவுக்குத் தெரியும்." ஓலையை இழுத்து மடக்கினார். "எனக்கு ஒன்னுதான்டா புரியல. அன்னைக்கு மணி நாலேகால்னு எழுதியிருக்கான். நா வரப்புல நின்ன எடம் மொதக்கொண்டு கரெக்டா எழுதியிருக்கான். மெட்ராஸ்காரனுக்கு எப்பிடித் தெரியும்? நம்மூரான் எவனோ எழுதிப் போட்டிருக்கான். எவன்டா அவன்?"

அதற்கு நான் சொன்ன பதில்: "தெரியலண்ணா."

அவர் என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். சகாயசெல்வி கொடுத்த டீயைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன். திங்கட்கிழமை அவள் வந்தபோது மனு இன்னும் முடியவில்லை, கூட்டம் முடியட்டும் என்றேன். இருபது நிமிட வேலை அது. அவள் தலையாட்டிவிட்டு, கூட்டத்துக்குத் தானும் வருவதாகச் சொல்லிப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். ஒரு டியூஷன் சென்டரின் மாடி, நாற்பது நாற்காலி. புருஷோத்தமன் மெலிந்த மனிதர், கைத்தடியோடு படியேறி வந்தார். என் பெயரைக் கேட்டதும் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். கடைசி வரிசையில் சகாயசெல்வி உட்கார்ந்திருந்தாள். மாதா படம் போட்ட பையை மடியில் வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையில்.

நான் என் குறிப்புகளைப் படித்தேன். ஒன்று, தீர்ப்பு நகல்களை இவர் தேடி எடுத்த உழைப்பு பெரிது. இரண்டு, முதலாளியும் கட்சிக்காரர்களும் கொலைக்கு முந்தைய வாரம் ஒரே விடுதியில் தங்கியதை இவர் பதிவேட்டோடு காட்டுகிறார், அதை யாரும் இதுவரை மறுக்கவில்லை. மூன்று, ஆனால் தங்கினார்கள் என்பதும் திட்டமிட்டார்கள் என்பதும் ஒன்றல்ல. நான்கு, பல இடங்களில் 'என்று தெரிகிறது' என்கிறார், யாருக்குத் தெரிகிறது என்று சொல்வதில்லை. ஐந்து, தண்டனை பெற்றவர்களில் ஒருவர் சொன்னதை நம்புகிறார், அதே ஆள் சொன்ன இன்னொன்றை விட்டுவிடுகிறார். ஆறு, பக்கம் 143க்கு ஆதாரம் பெயர் இல்லாத ஒரு கடிதம் மட்டுமே.

புருஷோத்தமன் ஆறு வரை தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். கடைசியைச் சொன்னபோது நிமிர்ந்து பார்த்தார்.

"ஏழு. அளத்தில் மூன்று முறை விளக்கை ஆட்டினால் இன்ஜினை நிறுத்து என்று பொருள். இது எங்கள் பக்கத்து வழக்கம். ஆகவே பக்கம் 143 தவறு." உட்காரப் போனேன். அதோடு முடித்துக்கொள்ளலாம் என்றுதான் தயாரித்து வந்திருந்தேன்.

முதல் வரிசையில் வக்கீல் சத்யப்ரியா கையைத் தூக்கினார். "சார், வழக்கம் சரி. அன்னைக்கு அந்த இன்ஜின ஓட்டுனது யாரு? அவர் இருக்காரா?"

"இருக்காரு."

"அப்ப அவர் சொல்லட்டுமே. வழக்கத்த வச்சு ஒரு மனுஷன் பேர எடுக்க முடியாதுல்ல. நீங்க அவரக் கேட்டீங்களா?"

தண்ணீர் குடித்தேன். டம்ளரைக் கீழே வைக்க இடம் தேடினேன். கடைசி வரிசையில் அவள் முன்னால் சாய்ந்து, அடுத்தவர் தோள் வழியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் ஓட்டினேன்" என்றேன். "எனக்குத்தான் ஆட்டினார். நான் நிறுத்தினேன்."

யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லோரும். தமிழரசன் வாத்தியார் மைக்கை வாங்கி, "இதுக்குப் பேர்தான் நேர்மை" என்றார். கைதட்டல் நிற்கும் வரை மேசை விரிப்பில் இருந்த ஒரு டீக்கறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படி இறங்கும்போது புருஷோத்தமன் என் முழங்கையைப் பிடித்து ஓரமாக நிறுத்தினார். "பேரக் கேட்டப்பவே தெரிஞ்சுது, கையில வச்சிருக்கிற பேப்பரயும் பார்த்தேன். அதே எழுத்து, அதே நம்பர் போடுறது. நானும் தப்புப் பண்ணிட்டேன் தேவநாதன். அவர் ஆமாம்னு சொன்னதும் அடுத்த கேள்வியக் கேக்காம விட்டுட்டேன். அந்தக் கடிதம் யார் எழுதினதுன்னு நான் யாருக்கும் சொல்லப் போறதில்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள எழுத்துல குடுங்க. ரெண்டாம் பதிப்புல அந்தப் பக்கத்தையே எடுத்துடுறேன்."

நன்றி என்றேன். அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது.

திரும்பும் பஸ்ஸில் சகாயசெல்வி எனக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். பெருமுக்கல் மலை தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள். பிறகு சொன்னாள். "மூனு மாசமா எவன் எழுதிப் போட்டான்னு தேடிக்கிட்டே இருந்தேன் சார். அளத்துல ஒவ்வொருத்தன் மூஞ்சியாப் பாப்பேன். இவனா, அவனான்னு. ஜான்சன்கூட சண்ட போட்டேன், கூடப் பொறந்தவன், அவனே குடிச்சுட்டு ஒளறியிருப்பானோன்னு. இனிமே எவனா இருந்தா இன்னா. நீங்க சொன்னதே போதும்."

மறுநாள் காலை பத்து மணிக்கு மனுவை வாங்க வந்தாள். புத்தக ஆசிரியருக்கு, குழந்தைசாமி சார்பாக. எல்லாம் எழுதி வைத்திருந்தேன். கடைசியில் 'இணைப்பு' என்ற இடத்தில் இரண்டு வரி இருந்தது. ஒன்று, தேவநாதனின் வாக்குமூலம். இரண்டு, 2019இல் தேவநாதன் எழுதிய கடிதம் எண் 412, நகலும் வரைவும். ரேணுகாவிடம் கொடுத்து ஜெராக்ஸ் எடுக்கவில்லை. பெட்டியிலிருந்த அசலையே குத்தியிருந்தேன்.

சகாயசெல்வி எட்டாவது படித்தவள். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். மனு, வாக்குமூலம், கடிதம். ஆறாவது குறிப்பில் விரல் நின்றது. தாளைத் திருப்பி வரைவைப் பார்த்தாள். அடித்திருந்த வரியை ஒரு முறை படித்தாள், மறுபடியும் படித்தாள்.

"ஏழாவத எழுதியிருக்கீங்களே சார்" என்றாள்.

"ஆமாம்."

"எழுதிட்டு அடிச்சிருக்கீங்க."

ரேணுகாவின் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

திட்டுவாள் என்று நினைத்தேன். காறித் துப்பியிருந்தாலும் துடைத்துக்கொண்டிருப்பேன். அவள் தாள்களை ஒழுங்காக அடுக்கினாள், எழுந்தாள். "அப்பா கையெழுத்துப் போடணும்ல. வாங்க. நீங்களே குடுங்க. நா சொல்ல மாட்டேன்."

மேசையை அப்படியே விட்டுவிட்டு அவள் பின்னால் நடந்தேன். வழியில் இரண்டு பேர், கூட்டத்து விஷயம் கேள்விப்பட்டவர்கள், வண்டியை நிறுத்தி எனக்குக் கை கொடுத்தார்கள். சகாயசெல்வி அவர்கள் போகும் வரை தள்ளி நின்று காத்திருந்தாள்.

கமிட்டிக்காரர்கள் காலையிலேயே வந்து போனதைக் குழந்தைசாமி சொன்னார். தேருக்கு வரச் சொல்லிவிட்டார்களாம். "உன்னாலதான்டா. இன்னாத்துக்குடா வம்புல மாட்டிக்கிட்ட?" என்று என் தோளில் ஒரு அடி அடித்தார். நான் தாள்களை நீட்டினேன்.

"இன்னாது இது?"

"கையெழுத்துப் போடணும்ணா. போடுறதுக்கு முன்னாடி படிக்கணும்."

"கண்ணாடி எங்க வச்சேனோ. நீயே படி."

சகாயசெல்வி கதவில் சாய்ந்து நின்றாள். உள்ளே போகவில்லை.

மனுவைப் படித்தேன். வாக்குமூலத்தைப் படித்தேன். பிறகு கடிதம் எண் 412, தேதி, பெறுநர், அனுப்புநர் என்று என் பெயர். அனுப்புநரைக் கேட்டபோது அவர் கை ஓலையில் நின்றது. நான் நிறுத்தவில்லை. வரப்பின் தூரம், ரோட்டு வளைவு, அவர் பெயர், மணி, மூன்று முறை, கார். ஒவ்வொன்றையும் எண்ணைச் சொல்லியே படித்தேன். வேறு மாதிரி படிக்க எனக்குத் தெரியாது.

ஆறு முடிந்ததும் அவர் கேட்டார். "அவ்ளோதானா?"

"இன்னும் ஒன்னு இருக்குதுண்ணா. பின்னாடி. அனுப்பல."

அவர் ரொம்ப நேரம் என்னைப் பார்க்கவில்லை. முடைந்த ஓலையைத் தட்டிச் சரிசெய்து, மேலே அடுக்கினார். வெளியே தண்ணீர் லாரி ஒன்று போனது.

"படி" என்றார்.